துரைக்கு ஒரு 'நீங்க'

"என்னை 'நீங்க'ன்னு கூப்பிடுங்க, டாக்டர்."

சொல்லிவிட்டாள். டாக்டரின் கையில் பல்லைத் துளைக்கும் கருவி சுழன்றுகொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் வாயைப் பிளந்தபடியே கண்ணை மட்டும் இவள் பக்கம் உருட்டினார். அவர் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்ததும் இவள்தான். இப்படி ஒன்றைக் கேட்பதற்கு இதைவிட மோசமான நேரம் அமையாது. ஆனால் நல்ல நேரம் பார்த்துக் கேட்கிற விஷயமாக இருந்தால் அம்மா முதல் நாளே அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"லீவு கேளு. அட்வான்ஸ் கேளு. கோவம் வந்தா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டு. மரியாதை குடுன்னு மட்டும் அங்க கேட்டு நிக்காத," என்று சொல்லித்தான் அம்மா இவளை அந்த கிளினிக்குக்குக் கூட்டிவந்திருந்தாள்.

அம்மா அங்கே தரை துடைப்பவள். டாக்டரின் அப்பா பல் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே துடைக்கிறாள். டாக்டர் அப்போது இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பெண். அந்தப் பெண்ணை அம்மா "பாப்பா வாங்க, பாப்பா உக்காருங்க" என்பாள். பாப்பா அம்மாவை "நீ வா, நீ போ" என்பாள். பாப்பா வளர்ந்தது, படித்தது, அப்பாவின் நாற்காலியில் டாக்டராக உட்கார்ந்தது. வினைச்சொல்லின் 'ங்க' என்ற வால் மட்டும் வளரவே இல்லை. போதாததற்கு அந்த வாலில்லாத சொல் அம்மாவிடமிருந்து மகளுக்கும் சொத்துபோல வந்து சேர்ந்தது.

மகள் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கும்வரை என்று பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு இங்கே வந்தவள், அந்தக் 'கிடைக்கும்வரை' எங்கே முடிகிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல்செட் செய்து கொண்டுவந்து தரும் செட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் 'டிகிரி'. "டிகிரி, தண்ணி குடு. டிகிரி, கதவைச் சாத்து." பட்டம் வாங்கியதற்கு ஊரில் கிடைத்த ஒரே அங்கீகாரம் அதுதான்.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் செய்தது ஓர் ஆமை.

காத்திருக்கும் குழந்தைகள் அழாமல் இருக்க வரவேற்பறையில் ஏதாவது உயிருள்ளது வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது. அடுத்த தெருக் கடையில் ஆமை வாங்கினாள். அதே கடைக்காரர் பெரிய கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், நீல விளக்கு, மீன் தீனி டப்பா எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டினார். ஏசிக்கு நேர் கீழே தொட்டியை வைத்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஆமையை அதில் இறக்கிவிட்டு, டாக்டர் குனிந்து கொஞ்சினாள்.

"வாங்க துரை. புது வீடு பிடிச்சிருக்கா உங்களுக்கு? சாப்பிட்டீங்களா? வெக்கப்படாதீங்க, தலைய நீட்டுங்க."

நிமிர்ந்து அதே மூச்சில், "ஏய், நீ தினமும் தண்ணி மாத்து. மிருகந்தான படிச்ச? உனக்குன்னே வாங்கின மாதிரி இருக்கு," என்றாள்.

செட்டுக்காரர் சிரித்தார். அம்மா மாப்பை ஊன்றிக்கொண்டு தானும் சிரித்தாள். டிகிரிக்கு ஆமையின்மேல் பொறாமை வந்தது. ஓட்டுக்குள் கிடக்கும் ஒரு பிராணி, இன்னும் தலையைக்கூட நீட்டவில்லை, அதற்கு 'நீட்டுங்க'. அன்றைக்கு விழுந்த பொறி புகைந்து புகைந்து, பெரியவரின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே வந்தது.

டாக்டர் கருவியை நிறுத்தினாள். "என்ன சொன்ன?"

"'நீங்க'ன்னு கூப்பிடச் சொன்னேன். எல்லாரையும் சொல்றீங்க. ராங் நம்பர்ல கூப்பிடறவங்களைக்கூட சொல்றீங்க. என்னையும் சொல்லுங்க."

பெரியவர் தொண்டையிலிருந்து "ஆ" என்று ஏதோ சொல்ல முயன்றார். முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் சுருங்கின. சிரிக்கிறாள்.

"சரிங்க மேடம். குழாயைக் கொஞ்சம் ஒழுங்காப் பிடிக்கிறீங்களா? பெரியவர் எச்சில்ல மூழ்கிட்டிருக்கார்."

அதற்குப் பிறகு அவள் கேட்டது கிடைத்தது. வயிறு முட்டக் கிடைத்தது. "மேடம் வந்துட்டாங்களா? மேடம், நீங்க சிரமப்படலேன்னா அந்தக் குப்பைக் கூடையை எடுத்து வெளிய வைக்கிறீங்களா?" பேஷண்டுகள் நிமிர்ந்து பார்த்தார்கள். செட்டுக்காரர் வரும்போதே செருப்பைக் கழற்றி, "டிகிரி மேடம், உள்ள வரலாங்களா?" என்று குனிந்தார். 'நீ' என்றபோது அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடலாம். இந்த 'நீங்க' ஒவ்வொன்றும் நின்று, திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"கேட்டியே, வாங்கிக்கிட்டியா?" என்றாள் அம்மா, மாப்பைப் பிழிந்துகொண்டே.

இதற்கு நடுவே ஆமை எதையும் தின்னவில்லை. மீன் தீனி தண்ணீரில் ஊறி, உப்பி, அடியில் படிந்தது. நாள் முழுவதும் அது தொட்டியின் மூலையில் பின்னங்காலில் நின்று, முன்னங்காலால் கண்ணாடியைப் பிறாண்டியது. குழந்தைகள் அதைப் பார்த்து, "டாட்டா காட்டுது" என்று கைதட்டின. தண்ணீர் மாற்றுவதற்காக முதல்முறை அதை வெளியே தூக்கியபோதே டிகிரி அதன் காலைப் பார்த்துவிட்டாள். விரலுக்கு நடுவே சவ்வு இல்லை. துடுப்புபோலத் தட்டையாகவும் இல்லை. நான்கும் குட்டையாக, உருண்டையாக, யானைக்கால்போல இருந்தன. ஓடு கவிழ்த்த கிண்ணம்போல உயர்ந்திருந்தது.

"டாக்டர், இது தண்ணி ஆமை இல்ல. தரையில வாழறது. நீந்தத் தெரியாது. தண்ணிலயே கிடந்தா நெஞ்சுல சளி கட்டிச் செத்துப்போயிரும்."

"ஆமைன்னா ஆமைதான? அதுல என்ன தரை, தண்ணி?"

"ரெண்டும் வேற வேறங்க. நமக்குத்தான் ரெண்டுக்கும் ஒரே பேர்."

டாக்டர் செட்டுக்காரரைப் பார்த்தாள். "பாத்தீங்களா? மேடம் பாடம் எடுக்கறாங்க." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். "உங்ககிட்ட ஆமை வாங்கினேனே, அதைத் தண்ணிலதான விடணும்?"

அந்தப் பக்கம் நாய் குரைத்தது, கிளி கத்தியது. "ஆமைதானங்க? தண்ணிலதான் விடணும். தொட்டி பத்தலையா? பெருசு ஒண்ணு வந்திருக்கு, அனுப்பவா?" என்றார் கடைக்காரர். எந்த ஆமை என்று அவர் கேட்கவில்லை. ஒரே சொல்லை நம்பி ஒருவர் ஓர் உயிரை விற்றார், இன்னொருத்தி வாங்கினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா மேடம்?" என்றாள் டாக்டர்.

டிகிரிக்கு அந்த ஆமைமேல் பாசம் ஒன்றும் கிடையாது. தடவிக் கொடுத்தால் வாலாட்டுகிற பிராணியா அது? ஆனால் படித்த மூன்று வருடத்தில் உருப்படியாக ஒன்று தெரியும் என்றால் அது இதுதான், இதையும் வாயை மூடிக்கொண்டு விட்டுவிட்டால் பிறகு பட்டம் எதற்கு என்று அவளுக்கு ரோஷமாக இருந்தது.

கிளினிக்கின் பின்பக்கம் வாளி, மாப்பு, பினாயில் வைக்கும் ஒரு சிறிய அறை உண்டு. அம்மா சாப்பிடுவதும் காலை நீட்டுவதும் அங்கேதான். வெந்நீர் பாய்லர் அடுத்த சுவரில் இருப்பதால் அறை வெதுவெதுப்பாக இருக்கும். மதியம் ஜன்னல் வழியே ஒரு துண்டு வெயில் விழும். டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போனதும் டிகிரி ஆமையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தாள். கையுறை வந்த அட்டைப்பெட்டியில் காய்ந்த மண்ணை நிரப்பினாள். ஒரு பக்கத்தை வெயிலில் விட்டு, மறுபக்கம் நிழலுக்குப் பழைய டப்பாவைக் கவிழ்த்தாள். நெடி ஆகாது என்று பினாயில் புட்டியை வெளியே வைத்தாள். தாம்பாளத்தில் விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர். சுற்றுச்சுவரோரம் பறித்த செம்பருத்தி இலை, அதன்மேல் இடித்த முட்டை ஓடு.

"உக்கார எனக்கே இடமில்ல. இதுல இந்தத் துரைக்குப் பங்களா," என்றாள் அம்மா.

"அரை மணி நேரம்மா. வெயில் படட்டும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. உன்னை மேடம்னு கூப்பிட்டுட்டு என்னைக் கேப்பாங்க."

ஆமை வெயில் துண்டுக்கு நகர்ந்தது. காலை ஒவ்வொன்றாக நீட்டியது. நெடுநேரம் கழித்து இலையின் ஓரத்தை ஒரு கடி கடித்தது. பல்லில்லாத வாயால் அது இலையைக் கத்தரிக்கிற சத்தம் அந்தச் சின்ன அறையில் தெளிவாகக் கேட்டது. அம்மா சாப்பாட்டு டப்பாவோடு குனிந்து பார்த்தாள்.

"பல் டாக்டர் வீட்டுத் துரைக்குப் பல்லே இல்லையா?"

"ஆமைக்கே பல் கிடையாதும்மா."

"அப்ப இங்க வேலை செய்யறவங்களுக்கு ஏத்த பிராணிதான். யாரையும் கடிக்காது," என்று சொல்லிவிட்டு அம்மா தன் காலை மடக்கி அதற்கு வழிவிட்டாள்.

மறுநாளும் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும். சாயங்காலம் தண்ணீரில் திரும்ப விடும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ துரோகம் செய்கிறாற்போல இருந்தது. ஒரு நாள் ஒரு குழந்தை ஆமையைப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்த டாக்டர் தொட்டிக்கு வந்தாள். தொட்டி காலி.

தேடிக்கொண்டு பின்பக்கம் போனவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். கூடவே அம்மாவையும் கூப்பிட்டு வந்தாள். உள்ளே பேசியிருக்கலாம். வரவேற்பறைக்குக் கூட்டிவந்துதான் பேசினாள்.

"குப்பை அறையில வச்சிருக்க. வயசாச்சே, உனக்கு அறிவு வேணாம்? இதை எவ்வளவு ஆசையா வாங்கினேன் தெரியுமா உனக்கு?"

"நான்தான் வச்சேன்," என்றாள் டிகிரி.

"மேடம், உங்ககிட்ட நான் பேசல. நீங்க பெரிய படிப்பு. அது இவ அறை. இவ வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கா." டாக்டர் ஆமையைத் தண்ணீருக்குள் விட்டாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்ப்பது தெரிந்ததும் அவள் குரல் விளையாட்டாக மாறியது. "சரி, துரைக்குக் கோவம். அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போ."

அம்மாவுக்குப் புரியவில்லை. "யாருகிட்டங்க?"

"துரைகிட்ட. 'மன்னிச்சிருங்க துரை'ன்னு சொல்லு. மரியாதையா சொல்லணும், என்ன?"

குழந்தை சிரித்தது. குழந்தையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். செட்டுக்காரர் பல்செட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "கைகட்டிச் சொல்லணும்," என்று எடுத்துக் கொடுத்தார்.

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். தொட்டியைப் பார்த்தாள். "மன்னிச்சிருங்க துரை," என்றாள்.

அறை முழுக்கச் சிரித்தது. ஆமை மூலைக்குப் போய்க் கண்ணாடியைப் பிறாண்டத் தொடங்கியது. அம்மா தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது டிகிரி அம்மாவை முந்திக்கொண்டு விடுவிடுவென நடந்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி பேசினாள்.

"எதுக்குச் சொன்ன?"

"சொன்னா என்ன? நாக்கு தேஞ்சா போச்சு?"

"ஒரு ஆமைகிட்டம்மா."

"மனுசங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அதுங்களுக்கு ஆமை தேவலை."

"நான் எனக்கு மட்டும் கேட்டுட்டேன். உனக்கும் சேத்துக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா என்னையும் மேடம்னு கூப்பிட்டுச் சிரிச்சிருப்பாங்க. அந்தக் கண்றாவி எனக்கு வேணாம். நீகூட என்னை 'நீ'ன்னுதான கூப்பிடுற?"

"நான் உன் பொண்ணு. அதுவும் இதுவும் ஒண்ணா?"

அம்மா நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணு இல்லேன்னு எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் போகாதவளுக்குக் காதும் கேக்காதுன்னு நெனச்சியா? தெரிஞ்சுதான்டி இத்தனை வருசம் துடைச்சேன். நீ படிக்கணும். படிச்சிட்டு இந்த மாதிரி ஒரு இடத்துல வந்து நிக்கக்கூடாது. நீ என்ன பண்ண? நேரா அங்கயே வந்து நின்ன."

"நீதான் கூட்டிட்டு வந்த."

"ஆமா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் அம்மா. அப்புறம் வீடுவரை இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம்தான் துணைக்கு வந்தது.

வீட்டுக்குப் போனதும் டிகிரி பச்சைக் கோட்டைத் துவைத்துக் காயப் போட்டாள். காலையில் அதை இஸ்திரி போட்டு, மடித்து, பைக்குள் வைத்தாள். மாட்டிக்கொள்ளவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே தன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். கிளம்புவதற்கு முன் டிகிரி விலங்கு மருத்துவமனைக்குப் போன் செய்து, தரை ஆமை ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லி நேரம் வாங்கினாள். 'தரை ஆமை' என்று அந்தப் பக்கம் ஒரு குரல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டது. அது ஒன்றே அவளுக்குப் பாதித் தெம்பாக இருந்தது.

கிளினிக்கில் ஆமை கூழாங்கல் மேட்டில் கழுத்தை நீட்டிக் கிடந்தது. மூக்கில் குமிழி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. வாயைத் திறந்து மூச்சு இழுத்தது. கண் இமை வீங்கியிருந்தது. ஏசி அதன்மேல் ஊதிக்கொண்டிருந்தது. டிகிரி அதை வெளியே எடுத்துத் துண்டால் ஒற்றினாள். கையுறைப் பெட்டியின் அடியில் உலர்ந்த துணியை விரித்தாள்.

உள்ளேயிருந்து டாக்டர் வந்தாள். காத்திருந்தவர்களில் துளைத்த பல்லுக்கு மூடி போட்டுக்கொள்ள வந்த அதே பெரியவர் இருந்தார். செட்டுக்காரரும் இருந்தார்.

"மேடம், காலையிலயே துரையைத் தூக்கிட்டீங்களா? நேத்து உங்கம்மா வாங்கினது போதலையா? கோட்டு எங்கங்க?"

டிகிரி மடித்த கோட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஆமையைத் திருப்பி டாக்டரின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"காலைப் பாரு."

டாக்டரின் சிரிப்பு உதட்டில் பாதியில் நின்றது. "என்ன சொன்ன?"

"இதோட காலைப் பாருன்னு சொன்னேன். வாங்கின நாள்லேர்ந்து நீ ஒரு தடவைகூட பாக்கல. இது நடக்கற கால். இதைத் தண்ணில போட்டு, குளிர்ல வச்சு, மீன் தீனி போட்டு, தினமும் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்ட. மூக்கைப் பாரு. சளி."

அம்மாவிடம் சொல்கிற 'நீ' அல்ல அது. இந்த 'நீ'யை இவள் இந்தக் கிளினிக்கில்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

"உலக்கை மாதிரில்ல இருக்கு," என்றார் பெரியவர், காலை எட்டிப் பார்த்து. "அன்னைக்கே இந்தப் பொண்ணு கேட்டது நியாயம்னு சொல்லலாம்னு பாத்தேன். வாயத் திறந்துக்கிட்டுதான் இருந்தேன். பேசத்தான் முடியல."

"நீங்க உள்ள வந்து உக்காருங்க," என்றாள் டாக்டர் அவரிடம். இவளிடம் குரல் உயர்ந்தது. "அதைக் கீழ வை. அது என் ஆமை. வெளிய எடுத்துட்டுப் போனா திருட்டு. போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. என்ன ஆமைன்னு கேப்பாங்க. அதையாவது தெரிஞ்சு வச்சுக்க."

செட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, டாக்டரின் முகத்தைப் பார்த்து, பல்செட் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

அப்போதுதான் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அம்மா தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன பண்ற?" என்றாள் டாக்டர்.

"தொட்டி கழுவறேங்க," என்றாள் அம்மா, திரும்பாமல். "காலியா இருக்கறப்பவே கழுவினாத்தான் லேசு."

நீல விளக்கையும் அவளே அணைத்தாள். ஏசியை அணைக்க எழுந்தவள், யோசித்து, அதைத் தொடாமல் விட்டாள். அவ்வளவுதான் அவளால் முடியும் என்று டிகிரிக்குத் தெரிந்தது. அவ்வளவு முடியும் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை காத்திருக்கிறது.

டிகிரி பெட்டிக்குள் ஆமையை வைத்தாள். கிளினிக் செருப்பை உதறிவிட்டுத் தன் செருப்பை அவசரமில்லாமல் மாட்டினாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோளால் கதவைத் தள்ளினாள். வெளியே நல்ல வெயில்.

"ஏய், நில்லு," என்றது பின்னால் டாக்டரின் குரல். கதவு மூடப்போகும் கடைசி இடுக்கில் இன்னொரு முறை வந்தது. "நில்லுங்க."

அது தனக்கா துரைக்கா என்று நின்று கேட்க அவளுக்கு நேரமில்லை.